தங்கையோடு ஹெகாட்டேயைப் பார்க்கப் போனது

இந்தத் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: யாழ்ப்பாணத்துக்காரி, ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன், தனிக்கட்டை, வருடத்தில் ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், எங்காவது போய்விட்டு வந்து இங்கே எழுதுவேன். இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் பலெர்மோவுக்குப் போனேன்.

கடல் குளிக்கவா என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். இல்லை, ஒரு தெய்வத்தைப் பார்க்க என்றேன். பெயர் ஹெகாட்டே. பழைய கிரேக்கர் கும்பிட்டவள். மந்திரத்துக்கும் பாதாளத்துக்கும் உரியவள், முச்சந்திகளில் நிற்பவள், மூன்று முகம், கையில் தீப்பந்தம், பக்கத்தில் நாய். சிசிலித் தீவின் தெற்குக் கரையில் செலினுந்தே என்ற இடிந்த கிரேக்க நகரம் ஒன்று இருக்கிறது. அங்கே இவளுக்கென்று மதிலோடு அடைத்த ஒரு சின்ன வளவு உண்டு என்று வாசித்தேன். பகல் முழுக்கச் சந்திகளில் நின்று பச்சை விளக்குக்குக் காத்திருப்பவள் நான். எனக்கு இவளை விட்டால் வேறு யார் குலதெய்வம்?

அது ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளதைச் சொன்னால், பலெர்மோவில் என் தங்கை வாசுகி இருக்கிறாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அங்கே ஓர் இத்தாலிய அம்மாவின், சின்யோராவின், வீட்டில் சமையல், துப்புரவு, இப்போது அந்த அம்மாவுக்கு வயது போய்விட்டதால் பராமரிப்பும் சேர்த்து. கணவர் தவறிவிட்டார். ஒரே மகள் ஆர்த்தி, அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தாயும் மகளும் முகம் பார்த்து இரண்டு வருடம். இருவரும் என்னோடு கதைப்பார்கள். ஞாயிறு மாலை ஆர்த்தி தொலைபேசி எடுப்பாள். வைத்த கையோடு வாசுகி எடுப்பாள். "ஆரோடை இவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?" என்பாள். யாரென்று அவளுக்குத் தெரியும். "அவள் சுகமா இருக்கிறாள்" என்று நானாகச் சொன்னால், "நான் கேட்டனானே?" என்று வெடுக்கென்று விழுவாள். விழுந்துவிட்டு, வைக்காமல் அப்படியே இருப்பாள். மூச்சு மட்டும் கேட்கும்.

சண்டை வந்தது ஒரு பூசணிக்காயால். சிரிக்காதீர்கள். ஆர்த்திக்கும் சால்வோ என்ற சிசிலிப் பையனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வாசுகி இருப்பது பிரான்காச்சோவில், நகரத்தின் கிழக்கு ஓரத்து அடுக்குமாடி வீடொன்றில். சால்வோவின் குடும்பத்துக்கு அதே பகுதியில் ஒரு டயர் கடை. ஒருநாள் வாசுகி மகளுக்குக் கண்ணூறு, அதாவது கண் திருஷ்டி, கழித்தாள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் பிள்ளையின் தலையைச் சுற்றி, குங்குமம் தடவி, தலைமயிரில் ஒன்றிரண்டு இழையும் சேர்த்து, முச்சந்தியில் கொண்டுபோய் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவது. அவள் விடியப்புறம் போய் உடைத்த முச்சந்தி, சால்வோவின் டயர் கடை வாசல்.

காலையில் ஷட்டரைத் திறந்த சால்வோவின் அம்மா கண்டது சிவப்புப் பூசிய எலுமிச்சம்பழம், உடைந்த பூசணி, அதில் நீளக் கறுப்பு மயிர். சிசிலிக்காரர் இந்த விஷயத்தில் எங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. தங்கள் குடும்பத்துக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மயிரைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. கல்யாணம் அன்றோடு நின்றது. "எங்களைப் பிரிக்கத்தான் அங்கை கொண்டுபோய்ப் போட்டனீங்கள்" என்றாள் ஆர்த்தி. "உனக்கு நல்லது நடக்கட்டும் எண்டுதான் போட்டனான்" என்றாள் வாசுகி. இருவரும் அந்த இரண்டு வசனத்திலேயே நின்றார்கள். ஆர்த்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள்தான்.

போன இடம் செலினுந்தே. அங்கே பெரிய தொல்பொருள் பூங்காவில் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு சுற்றும் மின்சார வண்டி ஓட்டுகிறாள். வாகனம் ஓட்டுவது எங்கள் குடும்பத்து வியாதி போலும். ஹெகாட்டேயைப் பற்றி எனக்கு முதலில் சொன்னதும் அவள்தான். இப்போது விளங்கியிருக்கும், நான் எந்தத் தெய்வத்தைப் பார்க்கப் போனேன் என்று.

புறப்பட முதல் அவளிடம் கேட்டேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ என்று.

"கூட்டிக்கொண்டு வாங்கோ பெரியம்மா. கதைப்பன் எண்டு மட்டும் நான் சொல்லேல்லை" என்றாள்.

கொலோனிலிருந்து பலெர்மோவுக்கு நேரடி விமானம், மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர். வாசலிலேயே மத்திய ரயில் நிலையத்துக்குப் பேருந்து நிற்கும், ஐம்பது நிமிட ஓட்டம். இடது பக்கத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், கடல் அந்தப் பக்கம்தான். ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டி மற்றக் கையால் யாரோடோ வழக்காடிக்கொண்டு வந்தார். தொழில் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ரயில் நிலையத்திலிருந்து பிரான்காச்சோவுக்கு இன்னொரு பேருந்து. வாசுகி தரிப்பிடத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். "என்னடி இது, சட்டைக்குள்ளை ஆளைத் தேட வேணும் போல கிடக்கு" என்றேன். "உங்களைப் போல இருந்துகொண்டே செய்யிற வேலை இல்லை என்ரை வேலை" என்றாள். வாய் மெலியவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அந்த டயர் கடையைக் கடக்க வேண்டும். அவள் காட்டவில்லை, நானே கண்டேன். ஒரு பக்கத் தெரு நேராக வந்து பெரிய தெருவில் முட்டி நிற்கிறது, முட்டும் இடத்தில் கடை. அந்த இடத்தில் மட்டும் வாசுகி என் பெட்டியை வாங்கித் தானே இழுத்துக்கொண்டு முன்னே விறுவிறென்று போனாள். வீட்டில் ஆர்த்தியின் அறை துடைத்து, கட்டில் விரிப்பு மாற்றி, ஜன்னலில் புதுத் திரையும் போட்டிருந்தது. எனக்காக என்று நினைத்தேன். என்னைக் கூடத்துச் சோபாவில் படுக்கச் சொன்னாள்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு அங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. ஆகவே வியாழன் பின்னேரம் நாங்கள் இருவரும் பழைய நகரத்துக்குப் போனோம். வுச்சீரியாச் சந்தை இப்போது சந்தை என்பதை விடக் குடிக்கிற இடம். ஆனாலும் ஒரு மூலையில் அவித்த கணவாய் வெட்டித் தருகிறார்கள், எலுமிச்சை பிழிந்து நின்றபடியே தின்னலாம். வாசுகி வியாழக்கிழமை மச்சம் மாமிசம் தின்ன மாட்டேன் என்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் தொல்பொருள் அருங்காட்சியகம். செலினுந்தேக்குப் போக இருப்பவர்கள் முதலில் இங்கே வாருங்கள், அங்கே கிடைத்த நல்ல சிற்பங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. முற்றத்துத் தொட்டியில் ஆமைகள் உண்டு, வாசுகி அவற்றோடு இருபது நிமிடம் நின்றாள். உள்ளே பழைய கோயிலில் நேர்த்திக்கடனாக வைத்த சுட்டமண் பெண் பொம்மைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஹெகாட்டே என்று பெயர் எழுதிய சிலை ஒன்றைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஈயத் தகடுகள் இருந்தன. சின்னச் சின்ன எழுத்துகள் கீறிய, சுருண்ட தகடுகள்.

"உதென்ன அக்கா?" என்றாள் வாசுகி.

"சூனியத் தகடு. பிடிக்காத ஆளின்ரை பேரை எழுதிப் பாதாளத்துத் தெய்வங்களிட்டைக் குடுக்கிறது. செலினுந்தேயிலைதான் எடுத்தவை."

"எங்கடை ஆக்கள் செப்பிலை எழுதுறது போலை."

"அதேதான்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வேர்க்கிறது, வெளியே போவோம் என்றாள். அந்த அறை குளிராக இருந்தது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வெளியே படியில் இருந்துகொண்டு சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மன் கோயிலுக்குப் போவோம் என்று. எந்த அம்மன் என்றாள். முச்சந்தி அம்மன், தூர இடம், கார் எடுப்போம் என்றேன். செலினுந்தே என்று சொல்லவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, மிச்சம் மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால், வாசுகி குளித்து, பட்டுச் சேலை உடுத்து, நெற்றி நிறையத் திருநீறோடு நிற்கிறாள். மேசையில் தேங்காய், கற்பூரம், வெற்றிலை, வாழைப்பழம், ஒரு பெரிய டப்பா நிறையச் சர்க்கரைப் பொங்கல், நாங்கள் புக்கை என்பது. உள்ளே ஐயரும் மணியும் இருக்கும் கோயில் என்றே நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் நினைத்ததைத் திருத்தாமல் எல்லாவற்றையும் காரில் ஏற்றினேன்.

வழி சொல்கிறேன். செலினுந்தே பலெர்மோவிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். சாதாரண நாட்களில் கஸ்தெல்வெத்ரானோ வரை பேருந்தில் போய், அங்கிருந்து சிறிய பேருந்து பிடிக்கலாம். ஞாயிறில் அதை நம்ப வேண்டாம். நான் சின்னக் கார் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு நாற்பத்தைந்து யூரோவுக்கு எடுத்தேன். நெடுஞ்சாலையில் கட்டணம் இல்லை. நகரத்துக்குள் ஓட்டுவதுதான் சங்கடம். அங்கே சிவப்பு விளக்கு ஒரு அபிப்பிராயம் மட்டும்தான்.

அல்காமோவைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேற்கே திராபானிக்கு, மற்றது தெற்கே. நான் தெற்கே திருப்பினேன். பலகையில் கஸ்தெல்வெத்ரானோ என்று இருந்ததை வாசுகி வாசித்துவிட்டாள். மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்காதவளுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருந்தது.

"அக்கா, காரைத் திருப்புங்கோ."

"நெடுஞ்சாலையிலை திருப்ப ஏலாது."

"அவள் கூப்பிட்டவளோ?"

"வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை."

தேங்காயை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அமைதி தாங்காமல் நான் கதை சொல்லத் தொடங்கினேன். இந்தத் தீவில் ஒரு தாய்த் தெய்வம், தெமேத்தர் என்று பெயர், பயிர்பச்சைக்கு உரியவள். அவளுடைய மகள் பெர்செபொனே பூப் பறிக்கப் போன இடத்தில் பாதாளத்து ராசா தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை கத்தின சத்தம் ஒருத்திக்குத்தான் கேட்டது, குகைக்குள் இருந்த ஹெகாட்டேக்கு. அவள் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வந்து தாயோடு கூடத் தேடினாள். தாய் கோபத்தில் உலகத்தையே பட்டினி போட்ட பிறகு பிள்ளையை விட்டார்கள், ஆனால் முழுதாக இல்லை. வருடத்தில் ஒரு பங்கு கீழே, மிச்சம் தாயோடு. பிள்ளை மேலே வந்தால் பூக்கும், கீழே போனால் குளிர்.

"அப்ப அந்த ஹெகாட்டே தாயும் இல்லை, பிள்ளையும் இல்லையோ?"

"இல்லை."

"பிறகு அவவுக்கு என்ன கிடைச்சது?"

"பிள்ளை வரேக்கையும் போகேக்கையும் கூட நடக்கிற வேலை கிடைச்சது" என்றேன். வாசுகி என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியைப் பார்த்துப் பாதை மாறினேன்.

வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் பெரிய கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம், அதனால் பாதித் தீவும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தது. மற்ற நாளில் பதினான்கு யூரோ என்று பலகையில் போட்டிருந்தார்கள். பட்டுச் சேலையும் தேங்காயுமாக நின்ற என் தங்கையை எல்லோரும் வழிவிட்டுப் பார்த்தார்கள்.

வெள்ளை மின்சார வண்டிகள் வரிசையில் நின்றன. மூன்றாவது வண்டியில் நீலத் தொப்பி போட்ட ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். முகம் திரும்ப முதலே வாசுகி என் கையைப் பிடித்தாள். "தலைமயிரை வெட்டிப்போட்டாள்" என்றாள். அவ்வளவுதான்.

ஆர்த்தி இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தாயைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பின் இருக்கையைக் கையால் காட்டினாள். வாசுகி தேங்காயோடு ஏறி இருந்தாள். நான் முன்னால். ஒரு பெரிய கோயில் தூண்களோடு நிமிர்ந்து நிற்கிறது, எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுத்தார்கள். பிறகு கடலைப் பார்த்த மேட்டு நகரம், அங்கேயும் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் வண்டியில் நாங்கள் மூவர் மட்டும். மேற்கே ஒரு சிற்றாற்றைக் கடந்து, மஞ்சள் பூ முழங்கால் அளவு நின்ற மணல் வழியால் போனோம். செலினுந்தே என்ற பெயரே அங்கே காடாக முளைக்கும் ஒருவகைச் சேலரிக் கீரையிலிருந்து வந்ததாம். ஆர்த்தி எனக்குத்தான் சொன்னாள், கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

அந்த இடத்துக்குப் பெயர் மலோஃபோரோஸ், கனி ஏந்தியவளின் கோயில். தெமேத்தரின் இடம் என்கிறார்கள். உள்ளே போகும் வாசலுக்குப் பக்கத்தில், மதில் மூலையில், இடுப்பளவு கல்வரிசையால் அடைத்த ஒரு சதுரம். அதுதான் ஹெகாட்டேயின் வளவு. கூரை இல்லை, சிலை இல்லை, பல்லி ஓடுகிறது. நீங்கள் அழகு தேடிப் போகிறவர்கள் என்றால் ஏமாந்து போவீர்கள். நான் ஏமாறவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் இவளைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த வாசலை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசுகி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "அம்மன் எங்கை?" என்றாள்.

"இதுதான்" என்றேன்.

"இது கல்லெல்லோ."

"கல்லைத்தானே இவ்வளவு காலமும் கும்பிட்டனீ."

அவள் தேங்காயைக் கீழே வைத்து, கற்பூரத்தைப் பிரித்து, தீப்பெட்டியை எடுத்தாள்.

"இஞ்சை நெருப்புப் பத்த வைக்கக் கூடாது. பார்க் சட்டம்" என்றாள் ஆர்த்தி.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகள் தாயிடம் சொன்ன முதல் வசனம் அது. "சரி பிள்ளை" என்று வாசுகி தீப்பெட்டியை உடனே முந்தானையில் முடிந்தாள். என் தங்கை இவ்வளவு பணிவாக யாருக்கும் கீழ்ப்படிந்து நான் கண்டதில்லை.

ஆர்த்தி கல்லில் சாய்ந்துகொண்டு மறுபடி எனக்குச் சொல்லத் தொடங்கினாள். மாதம் முடிகிற இருட்டில், எங்கள் அமாவாசை போல, கிரேக்க வீடுகளில் சாப்பாடு எடுத்து இவளுக்கென்று முச்சந்தியில் வைப்பார்களாம். வீட்டில் சேர்ந்த கெட்டது எல்லாம் அதோடு போய்விட வேண்டும் என்று. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்களாம்.

"முச்சந்தியிலையோ?" என்றாள் வாசுகி.

"ஓம்."

"திரும்பிப் பாக்கக் கூடாதோ?"

"பாக்கக் கூடாது. அம்மா, இதை நான் வாசிச்சாப் பிறகு கனக்க யோசிச்சனான்." அவள் இப்போதுதான் தாயைப் பார்த்துப் பேசினாள். "நீங்கள் செய்தது அசிங்கமான வேலை இல்லை. இந்த ஊரிலையே செய்தவை. சால்வோன்ரை அம்மான்ரை பாட்டன் பூட்டனும் செய்திருப்பினம். நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள் எண்டு நம்பலாம் எண்டு..."

எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. சரி, முடிந்தது, வந்த காரியம் பழம் என்று நினைத்தேன். மகளே கையை நீட்டிவிட்டாள். வாசுகி "ஓம் பிள்ளை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மூவரும் புக்கை தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"இல்லை" என்றாள் வாசுகி. "நான் திரும்பிப் பாத்தனான்."

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"வீட்டுக்குக் கிட்ட ஒரு முச்சந்தி கிடக்கு. தேவாலயத்தடியிலை இன்னொண்டு. ரண்டையும் தாண்டித்தான் போனனான். வேணுமெண்டுதான் அந்த வாசல்லை உடைச்சனான். கண்ணூறும் இல்லை ஒண்டும் இல்லை. அந்த வீடு என்ரை பிள்ளையை எடுக்கக் கூடாது எண்டு கேட்டு உடைச்சனான். உன்ரை அப்பாவும் இல்லை. நீயும் போனா நான் சின்யோரான்ரை வீட்டிலையிருந்து ஆரிட்டைத் திரும்பி வாறது?" மூச்சு வாங்கினாள். "உடைச்சுப்போட்டு மூலைக்கு வந்து திரும்பிப் பாத்தனான். உன்ரை மயிர் காத்துக்கு ஆடுது. திரும்பிப் போய்ப் பொறுக்குவம் எண்டு காலடி எடுத்து வைக்க, ஷட்டரைத் திறந்திட்டினம்."

அருங்காட்சியகத்தில் அவளுக்கு ஏன் வேர்த்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபமும் வந்தது. இரண்டு வருடமாக என் காதில் பொய்யை ஓதி, என்னையும் அதை நம்ப வைத்திருக்கிறாள், நான் அதைப் பிள்ளையிடம் கடத்தியிருக்கிறேன். ஆனால் "ஆரிட்டைத் திரும்பி வாறது" என்ற அந்தக் கேள்வி எனக்கும் தெரிந்த கேள்வி. டோர்ட்முண்டில் கடைசி வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு நான் தினமும் கேட்பது. அவளைத் திட்ட வாய் வரவில்லை.

ஆர்த்தி தொப்பியைக் கழற்றினாள். முகம் சிவந்து கிடந்தது.

"ஒரு பூசணிக்காய்க்குப் பயந்து ஓடினவன் எனக்கு வேண்டாம். அதை நான் அண்டைக்கே முடிவெடுத்திட்டன்" என்றாள். "கலியாணம் குழம்பினதுக்கு நான் போகேல்லை அம்மா. நீங்கள் என்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொன்னதுக்குத்தான் போனனான். எனக்கு முதல் நாளே தெரியும். ரண்டு முச்சந்தியையும் நானும்தானே தினமும் நடந்து தாண்டினனான்."

"தெரிஞ்சுகொண்டோ இப்ப நல்லதுக்கு எண்டு சொன்னனீ?"

"நீங்களாச் சொல்ல மாட்டீங்கள் எண்டு நினைச்சன். களைச்சுப்போனன். எனக்கு உங்களைப் பாக்க வேணும் போலை இருந்தது."

வாசுகி அப்படியே மணலில் இருந்துவிட்டாள், பட்டுச் சேலையோடு. சத்தம் போட்டு அழுதாள். ஆர்த்தி கட்டிப்பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்து, தாயின் சேலையில் ஒட்டிய முட்செடி விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்தேன். அழுதேன் என்று எழுதினால் என் கூட்டாளிகள் நம்ப மாட்டார்கள், ஆகவே விடுகிறேன்.

ஆர்த்தியின் இடுப்பில் இருந்த வானொலிக் கருவி கத்தியது, மேட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று. வேலை வேலைதான். எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். இம்முறை வாசுகி முன் இருக்கையில் ஏறினாள், யாரும் சொல்லாமலே. நான் பின்னால் தேங்காயோடு. வழியில் அவர்கள் கதைத்தது முழுக்க எனக்குக் கேட்கவில்லை, காற்று அடித்தது. சின்யோராவின் முழங்கால் பற்றியும், மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் வேலை செய்யும் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் பற்றியும் ஏதோ. கேட்கவும் நான் முயலவில்லை.

வண்டித் தரிப்பிடத்துச் சுவரில் இருந்து மூவரும் புக்கை தின்றோம். ஆர்த்தி டப்பாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் இஞ்சை வேலையை விட மாட்டன். எனக்கு இது பிடிக்கும். ஆனா நவம்பரிலையிருந்து சனம் குறைவு, என்னை நிப்பாட்டிப்போடுவினம். அந்த மாசங்களிலை வாறன். மார்ச்சிலை திரும்பிப் போவன். மறிக்கக் கூடாது."

"மறிக்க மாட்டன்" என்றாள் வாசுகி. "அறை துடைச்சுத்தான் கிடக்கு."

பலெர்மோவுக்குத் திரும்பும்போது வாசுகி அல்காமோ வருமுன்னே நித்திரையாகிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. நான் மெதுவாக ஓட்டினேன்.

டோர்ட்முண்டுக்கு வந்து மூன்று கிழமை. போன ஞாயிறு மாலை தொலைபேசி அடிக்கவில்லை. தாயும் மகளும் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதற்குத்தானே இவ்வளவு தூரம் போனேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன், தேத்தண்ணி ஆறிப்போனது. அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஒரு மகள் இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹெகாட்டேக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பந்தம் பிடித்தவளைப் பற்றிக் கதையில் அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. பத்து மணிக்குக் கிட்ட ஆர்த்தியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "சாரி பெரியம்மா, அம்மா விடுறா இல்லை."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செலினுந்தேயில் நிழல் இல்லை, தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். மலோஃபோரோஸ் வரை போக வேண்டும் என்று வண்டிக்காரரிடம் முதலே சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கற்பூரம் கொளுத்த விடமாட்டார்கள். மூடின சப்பாத்துப் போடுங்கள், சேலை உடுத்தால் விதை ஒட்டும். ஏப்ரலும் மேயும் நல்ல மாதங்கள், பூ நிற்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரையும் போகலாம், வெயில் இராது, கூட்டம் இராது. ஆனால் வாசலில் நீலத் தொப்பி போட்ட தமிழ்ப் பிள்ளையைத் தேடாதீர்கள். அந்த மாதங்களில் அவள் தாய் வீட்டில் இருப்பாள்.